கடல் யாரையும் மாற்றுவதில்லை

மனம் சோர்ந்துபோன ஒருவருக்கு இன்று எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டு, வெயிலும் தென்னையும் உள்ள கடலோர ஊர் ஒன்றுக்குப் போங்கள், சில மாதம் அங்கேயே இருங்கள், வாழ்க்கை மாறிவிடும். பயண இதழ்கள் இதைச் சொல்கின்றன. காணொளிகள் சொல்கின்றன. கொழும்பிலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் இருக்கும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். போய்வந்தவர்கள் தரும் சாட்சியமும் ஒன்றுபோலவே இருக்கிறது. அங்கே யாருக்கும் அவசரமில்லை. கையில் ஒன்றுமில்லாத மீனவர்கள்கூடச் சிரித்த முகமாக இருக்கிறார்கள். கடல் என் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. திரும்பியபோது நான் வேறு ஆளாக இருந்தேன்.

இதைச் சற்றே கூட்டிச் சொன்ன பேச்சு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இது தவறான பேச்சு. அந்த ஊர்களில் பிறந்து வாழ்கிறவர்களுக்குக் கேடும் செய்கிற பேச்சு.

நானும் அப்படித் தங்கியவன்தான். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், பொத்துவில் நகரைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் வரும் அறுகம்பையில். சுனாமிக்குப் பிறகு மொழிபெயர்ப்பு வேலைக்காகப் போனேன். வேலை முடிந்த பின்னும் ஊர் திரும்ப மனம் வராமல் அங்கேயே இருந்துவிட்டேன். பிறகும் சீசனுக்கு ஒரு தடவை, சீசன் இல்லாத மழைக்காலத்தில் ஒரு தடவை என்று போய் நெடுநாள் தங்கியிருக்கிறேன். அந்த ஊர் என்னை மாற்றியது. அதை நான் மறுக்கவில்லை. கடல் மாற்றியது என்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் அந்த அவசரமில்லாத வாழ்க்கையைப் பார்ப்போம். நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால் ஒரு குசினி. அந்த வீட்டு ராத்தா விடுதிகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். சீசன் காலத்தில் இரவு இரண்டரைக்கு எழும்பிவிடுவார். வறுத்த அரிசிமாவில் கொதிநீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுவார். மா கையில் பிடிக்கும் சூட்டுக்கு வருமுன்பே பிசையத் தொடங்க வேண்டும், ஆறிவிட்டால் உரலில் இறங்காது. மர உரலை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு தட்டாகப் பிழிவார். தட்டு நிறைய நிறைய மகள் அடுக்கி ஆவியில் வைப்பாள். அடுப்புக்குச் சிரட்டையும் தென்னம் மட்டையும். சுபஹு பாங்கு சொல்லும் நேரத்துக்கு நூறு நூறாக எண்ணி, வாழையிலை விரித்த கூடைகளில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்திவிடுவார். ஆட்டோ வந்து எடுத்துக்கொண்டு போகும். அவருடைய வலது கைப் பெருவிரலின் அடிப்பகுதி எந்நேரமும் வீங்கியே இருந்தது. அந்த இடியப்பத்தை ஒன்பது மணிக்குச் சொதியோடும் சம்பலோடும் சாப்பிட்டவர்கள்தான் இந்த ஊரில் யாருக்கும் அவசரமில்லை என்று எழுதினார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான். ஆனால் தாங்கள் அனுபவித்த நிதானம் அந்த ஊரின் இயல்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேறொருவர் தூக்கத்தை விற்று உண்டாக்கிய நிதானம் அது. காசு கொடுத்து வாங்கியதை மண்ணின் குணம் என்று சொல்லும்போது, விற்றவர் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்.

அலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுகம்பைக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வருவது அந்த அலைக்காக. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர்வரை, தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கும் காலத்தில், கிழக்கில் அதே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கிழக்கில் அதைக் கச்சான் என்பார்கள். வெகுதூரம் தெற்கே எழும் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகள் முனையைச் சுற்றி வளைந்து வர, கச்சான் அவற்றின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். அதனால்தான் அலை ஒரேயடியாக உடைந்து கொட்டாமல், முனையிலிருந்து வலப்பக்கமாக நெடுந்தூரம் சுருண்டு ஓடுகிறது. பலகையில் நிற்பவருக்கு அது சொர்க்கம். சந்தேகமில்லை.

அதே காற்றுத்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களையும் கிழக்கே அனுப்புகிறது. தங்கள் கரையில் கடலில் இறங்க முடியாத மாதங்களில் அவர்கள் வலையும் வள்ளமும் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். ஊர் மீனவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே வலை விரிக்கும் இடம் பற்றிய சண்டை, சமரசம், கடன், கலியாணம் எல்லாம் உண்டு. ஒரே காற்று ஒருவரை ஓய்வுக்கும் இன்னொருவரை உழைப்புக்கும் கொண்டுவந்து ஒரே மணலில் இறக்குகிறது. நெடுநாள் தங்கியதாகச் சொல்லும் எத்தனை பேர், தங்கள் பாய்க்குப் பக்கத்தில் இழுக்கப்படும் கரைவலை யாருடையது, இழுப்பவருக்குப் பங்கு எப்படிப் பிரிகிறது, மடியில் மீன் இல்லாத நாளில் என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்? படம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிற்றைப் பிடித்து இரண்டு நிமிடம் இழுத்துப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நவம்பரில் வாடைக்காற்று தொடங்கும். மழை, சேற்றுக் கடல், பூட்டிய கபானாக்கள். பொத்துவில் வயல்களில் பெரும்போகம் நடக்கும், காணி உள்ளவர்களுக்கு அதில் வேலை இருக்கும். மற்றவர்களுக்குச் சீசனில் சேர்த்த காசுதான் அந்த ஆறு மாதமும். பிள்ளையின் ரியூஷன் காசு, அடகில் இருக்கும் நகையின் வட்டி, வீட்டுக் கூரை, எல்லாம் அதற்குள்தான். ஆண்டில் பாதியில் முழு ஆண்டையும் உழைத்து எடுக்க வேண்டிய மக்களுக்கு நேரத்தின் அருமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து அவசரமின்மையைக் கற்றுக்கொண்டேன் என்பவர் அவர்களைப் பார்க்கவே இல்லை.

அடுத்தது அந்தச் சிரித்த முகம். குறைவில் நிறைவு காணும் எளிய மக்கள் என்ற பேச்சு எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. விருந்தாளியிடம் சிரிப்பது அந்த ஊரின் பண்பு. அது தொழிலும்கூட. அதை மனநிறைவின் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் வெளிநாட்டு இளைஞர் ஒருவர், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்: உண்மையில் பணக்காரர் நீங்கள்தான், என்னிடம் காசு மட்டும் இருக்கிறது, உங்களிடம் இந்தக் கடல் இருக்கிறது. மனதாரத்தான் சொன்னார், கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் அந்தக் காக்கா கேட்டார்: “அப்ப மாத்திக்கொள்ளுவமா எண்டு கேளுங்க, தம்பி.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவே கேட்டார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். இளைஞரிடமிருந்து பதில் வரவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் அந்தக் கேள்விக்கான பதிலை நாடே பார்த்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் சுமார் 360 ஆனது. மடிக்கணினியோடு கடலோரம் வந்து டொலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ரூபாயில் சொன்ன அறை வாடகை ஏறக்குறையப் பாதியானது. இலங்கையில் சிறு வள்ளங்களின் இஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த மாதங்களில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றே மீனவர்களின் நாள் போனது, வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. கடல் இருந்தது. அலை வழக்கம்போல் வந்தது. அதற்குள் போக வழியில்லை. கடலே செல்வம் என்ற பேச்சை அந்தக் கரையில் யாராவது அப்போது சொல்லியிருக்க முடியுமா?

கடல் குணப்படுத்தும் என்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போன மாவட்டம் இதுதான். நான் போனபோது பாலத்துக்கு அப்பால் கூடாரங்கள் இருந்தன. கடலுக்கு முதுகைக் காட்டியே உட்காரும் பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகளை இழந்த ஒரு தாயிடம் நான் நெடுநாள் பழகியிருக்கிறேன். கடல் இரைவது காதில் விழாத இடத்தில் ஒரு காணித் துண்டு கிடைக்குமா என்பதுதான் அவர் எல்லா அதிகாரிகளிடமும் கேட்டது. அவருக்குக் கடல் மருந்தில்லை. அது மருந்து என்று எழுதுகிறவர் தனக்கு எப்படி இருந்தது என்று எழுதட்டும், உரிமை உண்டு. ஊரின் மேல் அதை ஏற்றி எழுத உரிமையில்லை.

இப்போது இந்தப் பேச்சு செய்யும் கேட்டுக்கு வருகிறேன். கடற்கரை என்பது வெற்றிடம், சோர்ந்து வருகிறவர் தன்னைக் கண்டுபிடிப்பதற்காகக் காத்துக்கிடக்கும் இடம் என்ற எண்ணம் தனிமனிதர் மனதோடு நிற்பதில்லை. அது திட்டமாகிறது, வரைபடமாகிறது. சுனாமிக்குப் பின் அரசு கடலோரத்தில் மீண்டும் கட்டக்கூடாத வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவர் வீட்டுக்கு ஆபத்தான கரை என்று சொல்லப்பட்ட அதே கரையில் சுற்றுலா விடுதிகளுக்கு இடம் இருந்தது. அறுகம்பைக்கென்று பெரிய அபிவிருத்தித் திட்டம் ஒன்றும் வரையப்பட்டது. அதில் விடுதிகள் இருந்தன, உலாவும் இடங்கள் இருந்தன, வள்ளம் இழுத்துவிடும் இடத்துக்கும் வாடிகளுக்கும் இடம் இல்லை என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வந்த தன் நூலில் ஒரு அத்தியாயத்தை இந்தக் கரையிலிருந்தே தொடங்கினார். எதிர்ப்பு வலுத்து, 2005 இறுதியில் அந்த வலயம் தளர்த்தப்பட்டது. ஊர் தப்பியது மக்கள் கத்தியதால். அலை காப்பாற்றவில்லை.

அந்தக் கூட்டங்களில் நான் மொழிபெயர்த்தேன். கரையை “மீட்டெடுப்பது” பற்றி நல்ல உடை அணிந்தவர்கள் பேசினார்கள். யாரிடமிருந்து என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

எல்லா ஊரும் தப்பவில்லை. அறுகம்பைக்குத் தெற்கே பாணமையில் 2010 ஜூலையில் ஆயுதம் தாங்கியவர்கள் இரவில் வந்து குடிசைகளை எரித்து, சுமார் 350 குடும்பங்களை அவர்கள் பயிர்செய்த காணியிலிருந்து விரட்டினார்கள். பிறகு படையினர் அந்தக் காணியை வைத்துக்கொண்டார்கள், அதில் கடற்படை நடத்தும் ஓய்வு விடுதியும் எழுந்தது. 2015இல் பெரும்பகுதியைத் திருப்பித் தருமாறு அமைச்சரவை முடிவெடுத்த பின்னும் மக்கள் தங்கள் காணிக்காகப் போராட வேண்டியிருந்தது. அங்கே இரண்டு வாரம் தங்கி அமைதி அடைந்தவர் இருக்கலாம். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த மண் யாருடையது என்ற கேள்வியை அந்த அமைதி கேட்க விடாது. அதனால்தான் அந்த அமைதியை நான் நம்புவதில்லை.

கடல் மாற்றும் என்ற இந்தப் பேச்சுக்கு ஒரு மூதாதை உண்டு: ஓவியர் போல் கொகான். 1891இல் நாகரிகம் வேண்டாம் என்று பாரிஸை விட்டுத் தஹித்திக்குப் போனார். தஹித்தி 1880இலேயே பிரெஞ்சுக் குடியேற்றமாகிவிட்டது. அவர் இறங்கிய பப்பேயெத்தில் தேவாலயங்களும் அரச அலுவலகங்களும் கடைகளும் இருந்தன. அவர் தேடிய ஆதி உலகம் அங்கே இல்லை. ஆகவே அதை அவரே வரைந்துகொண்டார். மத்தாயேயாவில் கடலுக்கும் மலைக்கும் நடுவே குடிசையில் இருந்தபோது அவருக்கு மீன் பிடிக்கவோ மலையேறிக் கிழங்கும் பழமும் சேர்க்கவோ தெரியாது. சீனர் கடையில் விலை கூடிய டின் உணவு வாங்கிச் சாப்பிட்டார். பதின்மூன்று வயதளவான ஒரு சிறுமியை மனைவியாக வைத்துக்கொண்டார். பண்டைய நம்பிக்கைகள் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி மொரென்ஹூட் என்பவர் 1837இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது. ஆனால் அவர் வரைந்த ஓவியங்களும் எழுதிய புத்தகமும்தான் நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கனவை விற்றுக்கொண்டிருக்கின்றன. ஓவியங்கள் பெரியவை. அவற்றில் நிற்கும் பெண்களின் பெயரை, பசியை, விருப்பத்தை நாம் கேட்காமலிருக்கப் பழகியது அவற்றின் இன்னொரு விளைவு. மணலில் கவிழ்ந்து கிடக்கும் வள்ளம், அதன் பக்கத்தில் முகமில்லாத ஒரு மீனவர், கீழே கடல் எனக்குக் கற்றுத்தந்தது என்ற வரி: இன்றைய படங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

அதே தென்கடலில், அதே ஆண்டுகளில், இன்னொருவரும் நெடுங்காலம் தங்கினார். எழுத்தாளர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் நோயாளி. 1890இல் சமோவாவின் அப்பியாவுக்கு மேலே வைலிமாவில் குடியேறினார். அவரும் காணி வாங்கியவர், வேலையாட்கள் வைத்திருந்தவர். அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. ஆனால் ஜெர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் அந்தத் தீவுகளை என்ன பாடு படுத்துகின்றன என்று அவர் பார்த்தார். பார்த்ததை லண்டன் பத்திரிகைக்குக் கடிதங்களாக எழுதினார். 1892இல் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு சமோவா அரசியலைப் பற்றி ஒரு வரலாற்று நூலே எழுதினார். அதிகாரிகளின் பகை வந்தது. சிறையிலிருந்த சமோவத் தலைவர்களுக்கு உணவும் உதவியும் போனது அவர் வீட்டிலிருந்து. 1894இல் விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் தங்கள் ஆட்களோடு வந்து அவர் வீட்டுக்கு ஒரு தெருவைப் போட்டுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தபோது வயேயா மலையில் வழி வெட்டி உச்சிக்குத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தவர்களும் சமோவர்களே. இருவர் முன்னாலும் இருந்தது ஒரே கடல். கடல்தான் மனிதரை மாற்றுகிறது என்றால் இருவரையும் ஒன்றுபோல் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்?

என்னிடம் சொல்லப்படும் எதிர்வாதங்களில் இரண்டை மதிக்கிறேன். ஒன்று, ஓய்வு உண்மை. நகரத்தில் உடைந்து வந்த ஒருவர் தூங்குகிறார், நடக்கிறார், நீந்துகிறார், தேறுகிறார், இதில் யாருக்கு என்ன நட்டம் என்பது. நட்டமில்லை. ஓய்வெடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ராத்தாவுக்கும் உண்டு. ஆனால் விடுமுறையும் தூக்கமும் நல்ல சாப்பாடும் தந்த தேறுதலைத் தன் பிறவி மாறிவிட்டதாகச் சொல்ல வேண்டாம். திரும்பிப் போய் அதே வேலையில், அதே ஆட்களோடு, அதே மாதிரி நடந்துகொள்கிறவரிடம் என்ன மாறியது? தோலின் நிறம் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

இரண்டாவது வாதம் கனமானது. அறுகம்பைப் பெண்கள் சிலர் அலையில் ஏறக் கற்றுக்கொண்டு 2018இல் பெண்களுக்கான சேர்ஃபிங் கழகம் ஒன்றை அமைத்தார்கள். நாட்டில் அதுவே முதலாவது. அவர்களில் பிள்ளை பெற்ற தாய்மாரும் உண்டு. அவர்கள் வாழ்க்கையைக் கடல் மாற்றவில்லையா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து அந்தக் கடல் அங்கேதான் இருந்தது. அப்பனும் அண்ணனும் அதில் போய்வந்தார்கள். பெண் இறங்கக் கூடாது என்று ஊர் சொன்னது. அவர்கள் வீட்டாரோடு பேசினார்கள், ஏச்சுக் கேட்டார்கள், முழங்கை மறையும் உடை எது என்று முடிவெடுத்தார்கள், யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று முறை போட்டார்கள், கூட்டம் கூடிக் கழகமானார்கள். ஊரோடு மோதி, ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு பெற்ற மாற்றம் அது. வெளியே இருந்து சிலர் கைகொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைகொடுத்தவர்கள் அவர்கள் பெயர்களை அறிந்தவர்கள், எதிர்ப்பு வந்தபோதும் கூட இருந்தவர்கள்.

கூட இருப்பது எவ்வளவு அரிது என்பதை 2019 காட்டியது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தது சீசன் திறக்கும் வேளையில். மே மாதம் நாட்டுக்கு வந்த பயணிகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட எழுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள். பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம் ஊர். பயணிகள் இல்லாத இழப்போடு, செய்யாத குற்றத்துக்கான சந்தேகமும் சோதனையும் அவர்கள் தலையில் விழுந்தன. இது என் இரண்டாவது வீடு என்று ஒவ்வோராண்டும் சொன்னவர்கள் வேறு கரைகளுக்குப் போனார்கள். அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இழவு விழுந்தால் ஒரு தொலைபேசி அழைப்பாவது வரும் அல்லவா? ராத்தாவுக்கு வந்த அழைப்புகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அழைத்தவர்கள் எல்லோரும் அவர் மகளின் பரீட்சை எப்போது என்று தெரிந்தவர்கள்.

என்னை மாற்றியது எது என்று இப்போது சொல்லலாம். மனு எழுதியதுதான். எழுத்து வேலை தெரிந்த ஆள் என்று ஒரு நாள் ராத்தா ஒரு பொலித்தீன் உறையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நனைந்து காய்ந்து ஒட்டிக்கொண்ட காகிதம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அவர் வாப்பாவுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம். இலக்கம் பாதி அழிந்திருந்தது. பிரதேச செயலகத்தில் அதன் பதிவைத் தேடிக் கொடுக்கும்படி மனு வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டார் வந்தார்கள், பிறகு அந்த ஒழுங்கையே வந்தது. பாதிப் பேரின் பத்திரத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. மற்றவர்களுக்கு எல்லைக் கல்லைக் கொண்டுபோயிருந்தது. வாப்பா எந்த ஆண்டில் வேலி அடைத்தார், எந்தப் பக்கத்தில் யார் காணி, கிணறு யார் தோண்டியது, சாட்சி சொல்ல உயிரோடு இருப்பவர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் எழுதினேன். கந்தோர் வாசலில் கூட நின்றேன். ஜனாஸாக்களுக்குப் போனேன், நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டார்கள். எழுதிய எழுத்தில் ஒரு பெயர் பிழைத்துவிட்டால் வீடு தேடி வந்து கண்டிப்பார்கள். கண்டிக்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து நான் அங்கே விருந்தாளியாக இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் கரையிலும் என்னால் வெறுமனே நிற்க முடிந்ததில்லை. மாமல்லபுரத்தில் நின்றாலும் கோவாவில் நின்றாலும் இந்த மணலில் யார் வள்ளம் ஏற்றினார்கள், இப்போது எங்கே ஏற்றுகிறார்கள் என்றுதான் கண் தேடுகிறது. இது நிம்மதியான மாற்றமில்லை. கடலோரம் போனால் கிடைக்கும் என்று விற்கப்படும் எதையும் போல இல்லை. என் உழைப்பில் ஒரு பங்கு, என் மாலைப் பொழுதுகள், எனக்குத் தெரியாதவர்களின் கடன் கணக்கு, இவையெல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. என்னை மாற்றத் தங்கள் நேரத்தைச் செலவழித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வீட்டு இலக்கம் இருக்கிறது. அந்தப் பெருமையைத் தூக்கி அலைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வாழ்க்கை மாற வேண்டும் என்று அறுகம்பையிலும் பொத்துவிலிலும் உள்ளவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது அதில் கடல் வருவதில்லை. காணிப் பத்திரம் வருகிறது. பள்ளிக்கூடம் வருகிறது. பொத்துவில் பாடசாலைகள் பலவும் நெடுங்காலமாக அக்கரைப்பற்றுக் கல்வி வலயத்தின் கீழ் இருந்து வந்தவை. அக்கரைப்பற்று வடக்கே நாற்பது கிலோமீற்றருக்கும் அப்பால். தங்களுக்குத் தனிக் கல்வி வலயம் வேண்டும் என்று பெற்றோர் பல்லாண்டாகக் கேட்டார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் தூரத்தைக் காட்டி இடமாற்றம் வாங்கிப் போய்விடுகிறார்கள் என்பது எந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தாலும் காதில் விழும் குறை. ராத்தாவின் மகள் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்க ஆசைப்பட்டாள், கலைப்பிரிவில் படித்தாள். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் நெடுநாள் தங்க வரும் அந்தக் கரையில், நெடுநாள் தங்கும்படி ஊர் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கணித ஆசிரியரை.